பொருந்தாத வேகம்

மட்டக்களப்பு நகரில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தாள் டெனீஸ். பறங்கிக் குடும்பம். தகப்பன் யூஸ்டஸ் மோட்டார் மெக்கானிக். டச்பாரில் இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோன அடுத்த வருடம், வாடகைக்கு எடுத்த சின்ன அறையில் கடையைத் திறந்தாள். அவள் திருத்திக் கொடுத்த கணினி பழுதென்று திரும்பி வராது என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது.

2009 மே மாதம், வன்னியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன அன்று காலையில்தான் கனகசிங்கம் தன் கணினியை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பெரியகல்லாற்று ஆள். தபால் கந்தோரில் வேலை. சுனாமியில் மனைவியும் ஒரே மகள் கஜானியும் போய்விட்டார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் போனாள். அல்பங்களும் வீட்டோடு போயின. அதற்குப் பிறகு சொந்தக்காரர்களிடமும் அயலவர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த படங்கள்தான் அந்தக் கணினியில் இருந்தன. நூற்று அறுபத்து மூன்று.

"ஒரு படத்தத் திறக்க ஒரு தேத்தண்ணி குடிச்சி முடிச்சிரலாம், பிள்ள. கொஞ்சம் கெதியாக்கித் தா."

டெனீஸ் மூடியைக் கழற்றினாள். உள்ளே பழைய நினைவகத் துண்டு, ரேம் ஒன்று, 266 வேகம். கடையில் அதே மாதிரி இன்னொன்று இல்லை. உடைந்த ஒரு கணினியிலிருந்து கழற்றி வைத்த 400 வேக ரேம் ஒன்று கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கணினி மெதுவான ரேமின் வேகத்துக்கே இறங்கி ஓடும். அதுதான் முறை, அதில் ஆபத்தும் இல்லை. அப்படித்தான் முதலில் போட்டாள். கனகசிங்கம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் சுணங்குது போலதான் இரிக்கி."

டெனீஸ் கணினியின் அமைப்புக்குள் போய், கையால் வேகத்தை 400க்கு ஏற்றினாள். பழைய ரேம் தாங்குமா என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் கணினி எழும்பியது. படங்கள் பட்பட்டென்று திறந்தன. அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம்.

விண்டோஸும் கெட்டுப்போயிருந்தது. படங்களை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றி, அவருடைய டிஸ்க்கை அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, படங்களைத் திரும்ப ஏற்றினாள். மிச்சமிருந்தது ரேமைச் சோதிக்கும் வேலை மட்டும். அதற்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் தெருவில் வெடி கொளுத்தத் தொடங்கினார்கள். கடைகளுக்கு முன்னால் கொடி கட்டச் சொல்லிக்கொண்டு ஆமிக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துக் கடை அசனார் கதவை இழுத்துப் பூட்டினார்.

"நீயும் பூட்டிட்டுப் போ டெனீஸ். இண்டைக்கு நிண்டா சரியில்ல."

"ஐயா, பெட்டிய வெச்சிட்டுப் போங்க. நாளைக்குச் சோதிச்சிட்டுத் தாறன்," என்றாள் டெனீஸ்.

"வேணாம். நாளைக்குத் திரும்ப வந்தா வழியில ஆமி எத்தின இடத்தில இறக்கி ஏத்துவாங்களோ. வேலை செய்யுதுதானே? தா பிள்ள, கொண்டு போறன்."

அவள் கொடுத்துவிட்டாள்.

நாலாம் நாள் அதே சாக்கோடு அவர் திரும்பி வந்தார். அவரே வயர்களைச் செருகி ஒரு படத்தைத் திறந்தார். கஜானியின் நெற்றியும் கண்களும் இருந்தன. மூக்குக்குக் கீழே பச்சைக் கோடுகள், பிறகு வெறும் சாம்பல் நிறம். அடுத்த படத்தில் தாயின் தோளுக்கு மேலே மகளின் கை மட்டும் இருந்தது. சில படங்கள் திறக்கவே மறுத்தன.

டெனீஸ் அன்று செய்யாத சோதனையை இப்போது ஓடவிட்டாள். நாலு நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்பில் பிழைகள். அந்த வேகத்தைப் பழைய ரேம் தாங்கவில்லை. படங்களை மாற்றும்போது அதன் வழியாகப் போனவற்றில் பெரும்பாலானவற்றில் எங்கோ ஒரு துளி பிசகியிருந்தது. தன் டிஸ்க்கில் இருந்த பிரதியையும் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். அசல் அழிந்துவிட்டது, அழித்தவள் அவள்.

"டிஸ்க் பழசுதானே பிள்ள," என்றார் கனகசிங்கம். "அதுதான் பழுதாப் போச்சோ?"

ஓம் என்று ஒரு சொல் போதும். அவர் நம்பியிருப்பார்.

"இல்ல ஐயா. டிஸ்க்கில பிழை இல்ல. நான்தான் ரெண்டு வேகத்து ரேமச் சேத்துப்போட்டு வேகத்தக் கூட்டினன். சோதிக்காமலே தந்திட்டன்."

அவர் கதிரையில் இருந்தார்.

"நானும்தானே அவசரப்படுத்தினன்."

"நீங்க அவசரப்பட்டாலும் நான் சோதிச்சிருக்கோணும்."

"அத நான் இல்லெண்டு சொல்லல்ல," என்றார். குரல் உயரவில்லை. "எத்தின மிச்சம்?"

முழுதாக இருந்தவை நாற்பத்தொன்று. அவற்றில் கஜானி இருந்தவை ஒன்பது.

அடுத்த மூன்று கிழமையும் டெனீஸ் தொலைபேசியும் கையுமாக இருந்தாள். முன்பு படம் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தாள். கனடாவில் இருந்த கனகசிங்கத்தின் மச்சான் ஒருவர் இருபது படங்களைத் திரும்ப அனுப்பினார். சிலர் இடம் மாறிப் போயிருந்தார்கள். சிலரிடம் கணினியே இப்போது இல்லை. ஒருத்தி மட்டும், வளாக விடுதியில் கஜானியோடு ஒரே அறையில் இருந்த நிருஷா வாழைச்சேனையில் படிப்பிக்கிறாள் என்று சொன்னாள். கனகசிங்கம் மகளின் வளாகத் தோழிகள் யாரிடமும் அதுவரை கேட்டதில்லை. "அதுகளப் பாத்தா எனக்குத் தாங்காது, பிள்ள," என்று சொல்லியிருந்தார். இப்போது அவரே, "வா, போய்க் கேப்பம்," என்றார்.

நிருஷாவிடம் ஒரு சீடி இருந்தது. அவள் வீட்டுக் கணினியிலேயே போட்டார்கள். பதினொரு படங்கள், எல்லாம் கல்குடாக் கடற்கரையில் எடுத்தவை. கஜானி பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைக்குள் நின்றாள். வாய்விட்டுச் சிரித்தாள். கனகசிங்கம் திரைக்குக் கிட்டப் போனார்.

"இது எப்ப எடுத்தது?"

"ரெண்டாயிரத்து நாலு ஒக்டோபர், ஐயா."

"அப்ப சோதினைக்குப் படிக்கோணும் எண்டு வீட்டுக்கு வரல்லையே இவள்."

நிருஷா அடுத்தடுத்த படங்களைத் திறந்தாள். ஒன்பதாவது படத்தில் கஜானிக்குப் பக்கத்தில் ஒரு இளைஞன் நின்றான். இரண்டு பேரின் விரல்களும் கோத்திருந்தன.

"ஜெயரூபன், ஐயா. எங்களோட ஒரே பெட்ச்சில படிச்சவன். படிப்பு முடிய உங்கட வீட்டில வந்து அவளக் கேக்கிறதா இருந்தவன். அவள் போனாப் பிறகு வளாகத்துக்கே வரல்ல. வன்னிக்குப் போயிட்டான். இந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவனப் பத்தி ஒரு கதையும் இல்லையாம்."

கனகசிங்கம் அந்தப் படத்தை மூடவிடவில்லை.

"அவன்ட வீட்டில ஆர் இரிக்காங்க?"

"தாய் மட்டும். புஸ்பம் எண்டு. வந்தாறுமூலையில."

பதினொரு படங்களையும் டெனீஸ் கடையில் அச்செடுத்தாள். ஒவ்வொரு பிரதியையும் மூன்று தரம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் வந்தாறுமூலைக்குப் போனார்கள்.

புஸ்பம் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். யாரென்று தெரியாத ஆட்களை வீட்டுக்குள் எடுக்கிற காலம் இல்லை அது. கனகசிங்கம் அந்த ஒன்பதாவது படத்தை நீட்டியதும் அவள் அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். ஆமி வீடு வீடாகத் தேடிய ரவுண்டப் நடந்த வருடம், அவனைத் தேடி வருவார்களென்று பயந்து, மகன் முகம் இருந்த படமெல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்தவள் அவள்.

"என்ட மகன்," என்றாள். "என்ட மகன்தான் இது. ஆர் இந்தப் புள்ள?"

"என்ட மகள்."

"இரிக்காளா?"

"இல்லம்மா. கடல் கொண்டு போயிட்டு."

புஸ்பம் அவரை ஒரு கணம் பார்த்தாள். "என்டவன் முகாமில எங்கயாவது இரிப்பான்," என்றாள். படத்தைச் சேலைக்குள் மறைத்தாள். "இத ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க." கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் அழுத சத்தம் வேலிப் படலைவரைக்கும் கேட்டது.

திரும்பி வரும் வழியில், மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கி, கல்லாற்று பஸ்ஸுக்குப் போகும்போது கனகசிங்கம் நின்றார்.

"அந்தப் பொட்டிய இனி வேற ஒரு ஆளிட்டக் குடுக்கப் போறன், பிள்ள. கோவிக்காத."

"ஓம் ஐயா."

"நீ நல்ல பிள்ளதான். ஆனா ஒன்னட்ட இனிக் குடுக்க ஏலாது."

படங்கள் இருந்த உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் ஏறினார். சன்னலோரத்தில் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பிய பிறகும் டெனீஸ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு கடைக்குப் போகாமல், வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனாள்.