இடது பக்கத்து ஆழம்

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வீட்டுக்கு ஒலி ரசிகர் சங்கத்தார் வருவதாக இருந்தது. மூன்று மணிக்கு, இடது ஸ்பீக்கர் பாடவில்லை என்று வீட்டுக்காரரின் கொழுந்தியாள் கண்டுபிடித்தாள்.

வீட்டுக்காரருக்கு சங்கத்தில் ‘காது’ என்று பெயர். அடுத்த தலைவர் அவர்தான் என்று பேச்சு. போன ஞாயிறே மூன்று பேர் வந்து கேட்டு, இடது பக்கத்தின் ஆழத்தை மெச்சிவிட்டுப் போயிருந்தார்கள். இன்று இன்னொரு முறை கேட்டு முடிவு சொல்வார்கள்.

“அத்தான், இது செத்துப்போச்சு.”

“சாகலம்மா. காத்துல ஈரம் ஏறினா கொஞ்சம் அடங்கிப் பாடும். உனக்குப் புரியாது.”

கொழுந்தியாள் லிஃப்ட் மெக்கானிக். ஈரத்தோடு வாதாடாமல் இரண்டு கேபிள்களையும் இடம் மாற்றிச் செருகினாள். வலது பாடியது. இடது வாயே திறக்கவில்லை.

“கேபிள் நல்லாத்தான் இருக்கு. பெட்டியிலதான் கோளாறு. லைட் எரியுதா?”

யாருக்கும் தெரியாது. விளக்கொளி இசையின் தூய்மையைக் கெடுக்கிறது என்று இரண்டு பெட்டியிலும் காது கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். அவள் பிய்த்தாள். வலதில் பச்சை, இடதில் இருட்டு. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். டொக். இடதும் பாடியது.

“சுவிட்சையே போடல அத்தான்.”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஒட்டடை அடிக்கும்போது நான்தான் அணைச்சேன். பத்து நாளாச்சு. நீங்க ஒண்ணும் சொல்லலியே, சரி, வேணாம் போலன்னு விட்டுட்டேன்.”

காது மனதுக்குள் பத்து நாளைப் பின்னோக்கி எண்ணினார். போன ஞாயிறு அதற்குள் வசதியாக அடங்கியது.

“இது வெளியே போகக் கூடாது,” என்றார்.

“எது, சத்தமா?” என்றாள் கொழுந்தியாள்.

அவர் டேப்பை மறுபடி ஒட்டினார்.

ஐந்து மணிக்கு அதே மூவர் வந்து, அதே இசைத்தட்டை, கண்களை மூடிக் கேட்டார்கள். இப்போதைய தலைவரின் புருவம் நெரிந்தது.

“என்னமோ இடிக்குதே. போன வாரம் இடது பக்கம் ஒரு ஆழம் இருந்துச்சு. இப்ப ஒரே இரைச்சல்.”

“நானும் அதையேதான் நெனச்சேன்,” என்றார்கள் மற்ற இருவரும், தனித்தனியாக.

கொழுந்தியாள் அத்தானையே பார்த்தாள். காது எழுந்தார்.

“ஒரு சின்ன நுணுக்கம் பாக்கி இருக்கு.”

பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். டொக்.

“ஆகா!” என்றார் தலைவர்.

“ஏங்க, மறுபடியும் நின்னுபோச்சா?” என்றது சமையலறை.

“உஷ்! கேக்க விடுங்கம்மா,” என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல்.