மேஜர் வூடு

முகத்தில் பாதியை மழித்து முடித்திருந்தபோதுதான் குள்ளம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "மேஜரய்யா, எம்மவனப் போலீசு புடிச்சிக்கினு பூட்டாங்க" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் மகன் மாதப்பன் கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். பக்கத்துக் காட்டுக் கிணற்றில் ஒரு மோட்டார் காணாமல் போயிருந்தது. போன மாதம் அதைக் கழற்றி மாட்டியவன் அவன்தான் என்று, விடிந்தும் விடியாமலும் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்க. மேஜரு பேச்ச எவன் மீறுவான்?"

அல்போன்ஸ் மீதிப் பாதியையும் மழித்தார். தாடையில் கீறிக்கொண்டார்.

அவர் மேஜர் இல்லை. ஹவில்தார் மேஜர். மேஜர் என்றால் அதிகாரி, ஒரு கம்பெனியையே நடத்துகிறவர். ஹவில்தார் மேஜரோ சிப்பாயாகச் சேர்ந்து, சட்டைக் கையில் ஒவ்வொரு பட்டையாக ஏற்றி, கம்பெனியின் ஹவில்தார்களுக்கெல்லாம் மூத்தவனாக நிற்பவன். காலையில் ஆள் கணக்குப் பார்ப்பது, யாருக்கு எந்தக் காவல் என்று பிரிப்பது, முடி வளர்த்தவனை அதட்டுவது, காய்ச்சல்காரனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் அவன் பாடு. அதிகாரியைக் கண்டால் அவனும் விறைத்து நிற்க வேண்டியவன்தான். பென்ஷனில் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்து இறங்கிய புதிதில் ஊருக்கு 'ஹவில்தார்' வாயில் நுழையவில்லை. பின்பாதி மட்டும் நின்றுவிட்டது. கோயிலில் திருத்திப் பார்த்தார், டீக்கடையில் திருத்திப் பார்த்தார். தன்னடக்கம் என்றார்கள். ஒரு வருஷத்தில் அலுத்து விட்டுவிட்டார். மனைவி மிக்கேலம்மாளுக்கு 'மேஜர் வூட்டம்மா' என்று கூப்பிடுவது பிடித்திருந்தது. மகளின் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சாகி வந்தது.

ஸ்டேஷனில் அவர் வாய் திறக்குமுன் குள்ளம்மாள் முந்திக்கொண்டாள். "மேஜரு வந்திருக்காரு!" ஏட்டு எழுந்து சல்யூட் அடித்தார். சப் இன்ஸ்பெக்டர் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்க எதுக்கு சார் நேர்ல? ஆள் அனுப்பியிருந்தா போதுமே."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார் அல்போன்ஸ். உள்ளே, சுவரோரம், டிராயரோடு மாதப்பன் குந்தியிருந்தான். இடது கையை வலது கைக்குள் பொத்தி வைத்திருந்தான். விரல்கள் வீங்கியிருந்தன. மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுகிற விரல்கள்.

"எம் மச்சானும் ஆர்மிதான் சார், கேப்டன். நீங்க எந்த வருசம் கமிஷன்?" என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

கமிஷன் என்றால் அதிகாரியாகப் பொறுப்பேற்பது. உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஹவில்தார் என்றால் இந்த ஸ்டேஷன் கணக்கில் ஏட்டு. ஓர் ஏட்டு வந்து கேட்டால் இவர்கள் யாரை விடுவார்கள்?

"அறுபத்திமூணு" என்றார். அது அவர் சிப்பாயாகச் சேர்ந்த வருஷம்.

"உங்க பொறுப்புல கூட்டிட்டுப் போங்க சார். கேஸ் இன்னும் முடியல, கூப்ட்டா வரணும்" என்று மாதப்பனை வெளியே விட்டவர், வாசல் வரை கூடவே வந்தார். "ஞாயித்துக்கெழம மச்சான் லீவுல வர்றாரு. உங்க வூட்டுக்குக் கூட்டியாறேன். ரொம்ப சந்தோசப்படுவாரு."

திரும்பி வரும்போது பஸ் முழுக்கக் குள்ளம்மாள் மேஜரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அல்போன்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

அன்றிலிருந்து அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. கிணற்றடிக்குப் போவார், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்புவார். தண்ணீர் பாத்தி வழிந்து தடத்தில் ஓடும். காலையில் எழுந்ததும் மாதப்பன் வீட்டு வாசல் வரை நடந்து, அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருவார். ஒரு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து, தன் பழைய மேஜர் உட்காருவதுபோல் கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். கால் தானாகவே கீழே இறங்கிவிட்டது.

"ஒகேனக்கல்லுக்குப் போயிருக்காருன்னு சொல்லிடறேன்" என்றாள் மிக்கேலம்மாள்.

"எத்தன ஞாயிறு போறது?"

"அப்ப நெசத்தச் சொல்லிடுங்க."

"மாதப்பன மறுபடியும் ஏத்திக்கினு போவான். இந்தத் தடவ அந்தக் கோவமும் சேந்துக்கும்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "நானாவது அப்பவே ஊர் வாய அடக்கியிருக்கலாம்" என்றாள், முறத்தைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து வேட்டியைக்கூட மாற்றவில்லை, வேலியோரம் ஜீப் சத்தம் கேட்டது. அல்போன்ஸ் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். எழுந்திருக்கக் கூடாது. சிரிக்க வேண்டும். கையை மட்டும் நீட்ட வேண்டும். சப் இன்ஸ்பெக்டர் பழப்பையோடு முதலில் இறங்கினார். "சார், இவருதான்" என்று பின்னால் காட்டினார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பையன். சாதாரண சட்டைதான். ஆனால் அந்த வெட்டிய முடியும், இறங்கி நின்ற நிமிர்வும்.

அல்போன்ஸுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் கேட்டது. குதிகால் இரண்டும் சேர்ந்திருந்தன. விரல் மடக்கிய கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. மோவாய் நிமிர்ந்திருந்தது. இருபது வருஷம் எத்தனையோ பரேடு மைதானங்களில் எழுந்த குரல் அவரைக் கேட்காமலேயே வெளியே வந்தது. "ஜெய்ஹிந்த், சாப்!"

சாப் என்பது சிப்பாய்கள் அதிகாரியை அழைப்பது; எந்த மேஜரும் தனக்குக் கீழே உள்ள ஒரு கேப்டனை அப்படிக் கூப்பிட மாட்டார். அந்தப் பையனுக்கு அது தெரியும். அவன் பார்வை அல்போன்ஸின் சேர்ந்த கால்களுக்கு இறங்கியது. அங்கிருந்து மெல்ல ஏறி, நரைத்த மீசையைக் கடந்து கண்களில் நின்றது. சப் இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் சிரித்தார்.

கேப்டன் தன் கால்களைச் சேர்த்தான். கைகளைத் தொடையோடு இறக்கினான். ஒரு மேஜர் முன் நிற்பதுபோல் அவனும் விறைத்து நின்றான்.

இப்படி நிற்கும் இரண்டு பேரில் பதவியில் பெரியவர்தான் இயல்பாக நிற்கச் சொல்ல வேண்டும். அல்போன்ஸ் சொல்லவில்லை. பையனும் சொல்லவில்லை. டம்ளர்களோடு வந்த மிக்கேலம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். வேலிக்கு அப்பால் மாதப்பன், துணி சுற்றிய கையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். விறைத்து நின்ற இருவருக்கும் நடுவே, விழுந்து கிடந்த நாற்காலியின் காலடியில் ஒரு கோழி வந்து மண்ணைக் கிளறத் தொடங்கியது.