ஏழாம் பக்கத்துத் தவில்

சொர்ணலதா எழுதி வரைந்த மேளக்காரர்கள் படப்புத்தகம் கம்பம் பள்ளத்தாக்கில் முந்நூறு வீடுகளில் திறந்தவுடன் மேளம் வாசித்தது. அவளிருந்த இடத்தில் மட்டும் வாசிக்கவில்லை. பொட்டிப்புரம் அங்கன்வாடியில் வேலை பார்த்த அவள், பிள்ளைகளுக்காகப் பக்கத்துக்கு ஒரு மேளக்காரரும் இரண்டு வரிப் பாட்டுமாகப் போட்டிருந்தாள். ஏழாம் பக்கத்தில் அவள் புருஷன் தங்கப்பாண்டி. எல்லோரும் இடக்கையில் பிடிக்கும் தவில் குச்சியை அவன் வலக்கையில் பிடித்திருந்தான். படம் தப்பென்று அச்சகத்தில் திருத்தப் பார்த்தார்கள். "அவுக பீச்சாங்கைப் பழக்கம். அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். திருவிழா முடித்துத் திரும்பும்போது வேன் கவிழ்ந்து அவன் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாட்டும் சின்னதுதான்:

தவிலுக் குள்ளே யாரிருக்கா?
தட்டிப் பார்த்தாத் தெரியும்!

தேவதானப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம் அந்தப் புத்தகத்தை வைத்தே ஆண்டு விழாவை முடித்தது. வாழைத் தோட்டக்காரர் ஒருவர் காட்டுப்பன்றி விரட்ட நான்கு பிரதி வாங்கினார், பலன் இருந்தது. கம்பத்திலிருந்து சுபைதா என்ற வாசகி போனில் அழைத்தாள். "பாங்கு சொன்னா அதுவா நிறுத்திக்கிருதுக்கா. முடிஞ்சதும் விட்ட எடத்துல இருந்து வாசிக்கிறாக. அந்தத் தவில் இருக்கே, அடேயப்பா!" ஊரே கேட்கிற தவிலை ஒரே ஒரு தரம் கேட்டால் போதும் என்று சொர்ணலதா தவித்தாள். சுபைதா போனைப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குள் சொர்ணலதா கால் வைத்ததும் அங்கேயும் மேளம் பாதியில் நின்றது. அதன்பின் அவளைப் பிள்ளையுள்ள வீடுகளில் அவ்வளவாகக் கூப்பிடவில்லை.

நான்காம் பக்கத்து நாயனக்காரர் அம்மாவாசி உயிரோடுதான் இருந்தார். அவர் வந்தது முறையிட.

"ஆத்தா, ஞாயித்துக்கெழமையானா ஒதடு வீங்கிப்போகுது. ஒரே நேரத்துல இத்தன வீட்டுல ஊதுனா என்ன ஆகும்?"

மோர் கொடுத்துவிட்டுத் தன் குறையை அவள் சொன்னாள். அவர் அதற்கு ஆச்சரியப்படவே இல்லை.

"துக்கம் காக்குறவுக முன்னால நாங்க என்னைக்கு வாசிச்சோம்? நீ வாய்தொறந்து வாசிங்கன்னு சொல்லணும்ல. ரெண்டு திருவிழாவுக்கும் நீ கதவையே தெறக்கலையே."

உண்மைதான். அவள் தெருவுக்கு வரும் மேளம் டிரான்ஸ்பார்மரோடு நின்று, ரேஷன் கடை தாண்டித்தான் மறுபடி தொடங்கும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தங்கப்பாண்டியை அன்றோடு அனுப்பி வைத்ததாகிவிடும் என்று அவள் பயந்தாள்.

மூன்று நாள் சொல்லாமலே ஏழாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள், அங்கன்வாடிப் பிள்ளைகள் போனபிறகு, "வாசிங்க" என்றாள். தங்கப்பாண்டி எப்போதும் போல உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தொடங்கினான். அவள் வாய்விட்டு அழுதாள். அவன் நிறுத்தவில்லை, சொன்னபிறகு பாதியில் நிறுத்தும் வழக்கம் மேளக்காரர்களிடம் இல்லை.

அந்த வருஷம் திருவிழா மேளம் டிரான்ஸ்பார்மரில் நிற்காமல் வந்தது. சொர்ணலதா கதவைத் திறந்து, ஏழாம் பக்கத்தை வாசலில் விரித்து வைத்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த தவில்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சற்று ஒதுங்கி இடம் விட்டார்.