மூடாத இலை

விடியுமுன்பே அடுக்களை கொதிக்கத் தொடங்கிவிடும். நேரு வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஓட்டலில் சனிக்கிழமை என்றால் இன்னும் சீக்கிரம். வெளியூர்க் கூட்டம் கடற்கரையில் நடந்து முடித்ததும் நேரே இட்லிக்கு வந்து நிற்கும். ஆவி சுவரில் படிந்து வழியும். பாத்திரம் கழுவும் இடத்தில் சாக்கடை அடைத்து, எண்ணெய் மிதக்கும் தண்ணீர் கணுக்காலளவு நின்றது. அதற்குள்தான் அஞ்சலாட்சி அக்கா நாள் முழுக்க நிற்பார்.

"ஆள் கூப்ட்டு அடைப்ப எடுங்க மொதலாளி" என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். "சீசன் முடியட்டும்" என்பார் முதலாளி தெய்வநாயகம். இந்த ஊரில் சீசன் எப்போது முடிந்திருக்கிறது?

அன்று காலை அக்காவும் தோசை மாஸ்டர் கன்னியப்பன் அண்ணனும் சாம்பார் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். அந்தத் தண்ணீரில் அக்காவின் கால் வழுக்கியது. கொதிக்கும் சாம்பார் முழங்காலிலிருந்து பாதம்வரை கொட்டியது. அவர் அலறியது கூடம்வரை கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலர் தலை தூக்கினார்கள், மறுபடி குனிந்துகொண்டார்கள்.

முதலாளி வந்து முதலில் அண்டாவைத்தான் பார்த்தார்.

"மொத்தமும் போச்சா? பாத்து நடக்கத் தெரியாதா?"

கன்னியப்பன் அண்ணன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

சாயங்காலம் கட்டுப் போட்ட காலோடு அக்கா பின்வாசலில் வந்து நின்றார். ஓட்டலில் கூட்டம் நெரிந்தது. பகலெல்லாம் இங்கே பரிமாறும் நான் மாலைக் கல்லூரிக்குக் கிளம்பப் பையை மாட்டியிருந்தேன்.

"கால் ஆறனதும் வந்துர்றேன் மொதலாளி."

"ஆறட்டும், ஆறட்டும். நாளைக்கு வேற ஆள் வருது. நொண்டிக்கினு நிக்கறவங்கள வெச்சு நான் ஓட்டல் நடத்த முடியுமா?"

எனக்குக் காது சுட்டது. ஆனாலும் என் கால் வாசல் பக்கம்தான் நகர்ந்தது. வகுப்புக்குப் போவது கடமையா, தப்பிக்கும் வழியா என்று எனக்கு விளங்கவில்லை.

கன்னியப்பன் அண்ணன் தோசைக்கல்லின் அடுப்பை அணைத்தார். இடுப்புத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வா அஞ்சலாட்சி. இன்னைக்கு உள்ள போயி சாப்புடலாம்."

நாங்கள் சாப்பிடுவது எப்போதும் பின்னால், அந்தச் சாக்கடை ஓரம், நின்றபடி. கூடத்து நாற்காலியில் எங்களில் ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அண்ணன் அக்காவைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டுபோய் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த பெரிய மேசையில் உட்கார்த்தினார். தானும் உட்கார்ந்தார். சப்ளையர்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நான் பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு இலைகளைப் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். இட்லி வைத்தேன். சட்னி ஊற்றினேன்.

முதலாளி கல்லாவை விட்டு ஓடி வந்தார்.

"இன்னாடா இது கூத்து? எழுந்திருங்க எல்லாரும்!"

"எல போட்டாச்சு மொதலாளி" என்றார் அண்ணன். "அவங்களா எலைய மூடற வரைக்கும் ஒருத்தரையும் எழுப்பக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"அது கஸ்டமருக்குடா!"

"எங்களுக்கும் வாயி வயிறு இருக்குதுல்ல."

"போலீசுக்கு போன் போடுவேன்."

"போடுங்க. வர்றவங்க அப்படியே பின்னால வந்து சாக்கடையையும் பாக்கட்டும்."

கூடத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் சாப்பாடு வரவில்லையென்று கோபித்து வெளியேறினார். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு பொடி தோசை தின்ன வரும் ஓர் அம்மா அக்காவின் காலைப் பார்த்தார். எழுந்து, தன் பக்கத்து நாற்காலியை இழுத்து வந்து போட்டார்.

"கால மேல தூக்கி வெச்சுக்கம்மா. தொங்கவிட்டா இன்னும் வீங்கும்." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "எங்களுக்கு அவசரமில்ல. அவங்க சாப்புடட்டும்."

முதலாளியின் கையிலிருந்த போன் காதுக்குப் போகவில்லை. மேசைக்கு மேசை கண்கள் அவரையே பார்த்தன.

"வைத்தியச் செலவு உங்களோடது. அக்காவுக்கு வேல இங்கதான். சாக்கடைய நாளைக்கே எடுக்கணும்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "நீங்க ஒத்துக்கற வரைக்கும் இப்படியேதான் உக்காந்திருப்போம்."

அவர் கல்லாவுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றார்.

அக்கா கடைசி வாயை விழுங்கினார். பழக்க தோஷத்தில் கை இலையின் மேல் விளிம்பைப் பிடித்து மடக்கப் போனது. அண்ணன் அந்தக் கையை மெதுவாகத் தடுத்தார்.

நான் இட்லித் தட்டை எடுத்தேன்.

"இன்னொண்ணு வெக்கட்டுமாக்கா?"

அக்கா முதலாளியை ஒரு பார்வை பார்த்தார். இலையை நன்றாக விரித்துவிட்டார்.

"வை."