வலது கை வாட்ச்

என் வீட்டுக்காரருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. சரி. பசிக்கிறதா என்று கேட்டால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் லேசில் சரி சொல்லாத மனிதர். போயும் போயும் அந்த வார்த்தைதானா மிஞ்ச வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர், மொட்டை மாடி மெஷின் ரூமில் பேச்சில்லாமல் விழுந்து கிடந்தார். "டாக்டருங்க காலடியிலயே விழுந்திருக்கார், குடுத்து வெச்சவங்க நீங்க" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "மூளையோட இடது பக்கம் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குக்கா. பேச்சு உருவாகிற இடம் அங்கதான். வலது கை, கால் விழுந்ததும் அதனாலதான். நாம பேசறது அவருக்குப் பெரும்பாலும் புரியுது. உள்ள இருக்கிறது வெளிய வரல."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர், பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்டவர். அவர் நேர் எதிர். விடிந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார், பெரிய மனுஷத் தோரணையில். "அம்மா, அந்தக் கதவ நல்லா வேகவெச்சு, நேத்திக்கு மாட்டிடுங்க" என்பார். நான் தலையாட்டுவேன்.

"அவருக்கு அடிபட்ட இடம் வேற. பேச்சு ஓடும், அர்த்தம் இருக்காது. அடுத்தவங்க சொல்றதும் மண்டைல ஏறாது. தான் தப்பா பேசறோம்னே அவருக்குத் தெரியாது" என்றாள் அவள்.

"ரெண்டு பேரையும் சேத்துத் தெச்சா ஒரு முழு ஆள் தேறும் போல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அக்கா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. சாரோட 'சரி'ய நம்பிடாதீங்க. அவர் வாய்க்கு வர்ற ஒரே சத்தம் அது. இல்லைன்னு சொல்ல நினைச்சாலும் அதுதான் வரும். முகத்தப் பாருங்க, கையப் பாருங்க" என்றாள்.

கேட்டுக்கொண்டேன். ஆனால் ஸ்பானருக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஸ்பானர் என்பது அவரோடு வேலை செய்யும் தம்பிக்கு நாங்கள் வைத்த பெயர். தூக்கத்தில்கூடக் கையில் ஸ்பானர் வைத்திருப்பான் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவன் பார்க்க வந்த அன்று காலையில்தான் நர்ஸ் அவருடைய வாட்சைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். இழுத்தால் நீளும் ஸ்டீல் செயின் போட்ட பழைய வாட்ச். "வலது கைல கட்டியிருந்தார்" என்றாள் நர்ஸ். அவசரத்தில் மாற்றிக் கட்டியிருப்பார் என்று நினைத்து, வழக்கம்போல இடது கையில் மாட்டிவிட்டேன்.

ஸ்பானர் வந்து உட்கார்ந்ததும் முதலில் அவருடைய கையைத்தான் பார்த்தான். பிறகு குனிந்து, "அண்ணே, ஆபீஸ்ல உயிர எடுக்கறாங்க. அந்தச் சின்ன லிஃப்ட் வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"சரி" என்றார்.

"அப்ப ஓட விட்டுடலாமா?"

"சரி. சரி, சரி."

அவன் நிம்மதியாக எழுந்தான். அவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அண்ணனுக்கு என்மேல எவ்வளவு பாசம் பாத்தீங்களா அண்ணி" என்று அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

அன்றிலிருந்து வாட்ச் சண்டை ஆரம்பித்தது. நான் இடது கையில் மாட்டுவேன். அவர் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, உயிரில்லாமல் மடியில் கிடக்கும் வலது கையில் போட்டுக்கொள்வார். மறுபடி மாற்றுவேன். மறுபடி கடிப்பார். மணிக்கட்டெல்லாம் பல் தடம். "குழந்தையா நீங்க?" என்று திட்டுவேன். "சரி" என்பார். எனக்கு ரத்தம் கொதிக்கும். கடைசியில், எந்தக் கையில் கிடந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடிக்குப் போய் வந்தோம். முன்பக்கம் இருக்கும் பெரிய லிஃப்டில்தான் போவோம். பின்பக்கத்தைத் தாண்டும்போதெல்லாம் அவர் கழுத்து நரம்பு புடைக்கும். சின்ன லிஃப்டையே முறைத்துப் பார்ப்பார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு வண்டி தள்ளும் அம்மாள் அதில்தான் மாடி மாடியாகப் போய் வந்தாள். விழுந்த இடமாயிற்றே, மனுஷன் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் பெரிய லிஃப்டை ஆபரேஷன் நோயாளிகளுக்கென்று நிறுத்தி வைத்திருந்தார்கள். செக்யூரிட்டிக்காரர் எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்தார். "சார் கை வெச்ச லிஃப்ட்தானே, தைரியமா போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அங்கே வேறு யாரும் இல்லை. குழல் விளக்கு ஒன்று விட்டு விட்டு எரிந்தது.

அது பழைய மாடல். கதவைக் கையால் இழுத்துத் திறக்கவேண்டும். சக்கர நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் வாசல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். நாற்காலியைத் திருப்பி, கதவை இழுத்து முதுகால் தாங்கிக்கொண்டேன். ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"போலாமாங்க?"

"சரி" என்றார்.

இழுத்தேன். நாற்காலி நகரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். இடது பக்கத்துப் பிரேக்கை அவர் போட்டுவிட்டிருந்தார். "சரி, சரி, சரி" என்றார். குரல் கீச்சென்று ஏறியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு செய்யுது. மனுஷி எவ்வளவுதான் தாங்குவா?" என்று கத்திக்கொண்டே, வைத்த காலை எடுத்து, பிரேக்கை விடுவிக்க முன்பக்கம் வந்தேன்.

நாற்காலிக்குப் பின்னால் டக் என்று ஒரு சத்தம். மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்கவேண்டும். கதவு நாற்காலியில் முட்டித் திறந்தபடியே நிற்க, லிஃப்ட் தானாக மேலே கிளம்பியது. நான் கால் வைத்த தரை என் கண் முன்னாலேயே உயர்ந்து, தலைக்கு மேலே போய் மறைந்தது. அது இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. கீழேயிருந்து எண்ணெய் வாடையோடு குளிர்ந்த காற்று வந்தது. பின்சக்கரங்கள் குழியின் விளிம்பில் நின்றன. என் கை பிரேக்கின் மேல் இருந்தது.

நாற்காலியைச் சுவர்வரை இழுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு ஓடி வந்த செக்யூரிட்டிக்காரர்தான் கதவைச் சாத்தி, ஸ்பானருக்குப் போன் போட்டார்.

ஸ்பானர் ஓடி வந்தான். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் பார்வை அவருடைய வலது கைக்குப் போனது. முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, இந்த வாட்ச் எப்பலேருந்து வலது கைல இருக்கு?"

"ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான். நான்தான் மாத்தி மாத்திப் போட்டேன்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கதவு சரியா சாத்தினாத்தான் லிஃப்ட் நகரும். பழுது பாக்கறப்ப கதவத் திறந்து வெச்சே ஓட்டிப் பாக்கணும். அதுக்கு ஒரு துண்டு வயரப் போட்டு கதவுப் பூட்ட ஏமாத்துவோம். வயரக் கழட்ட மறந்தா யாராவது செத்துப்போவாங்க. அதனால வயர் போட்ட உடனே அண்ணன் வாட்ச வலது கைக்கு மாத்திடுவார். எல்லாத்தையும் எடுத்த பிறகுதான் இடது கைக்கு வரும். அன்னிக்கு நான் கையப் பாத்தேன், இடதுல இருந்துச்சு. கேட்டேன், சரின்னார்."

இத்தனை நாளாக இந்த மனிதர் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஸ்பானர் மெஷின் ரூமுக்குப் போய், சிவப்பு வயர்த் துண்டு ஒன்றோடு திரும்பி வந்தான். லிஃப்டைக் கீழே வரவழைத்து, கதவைத் திறந்து வைத்து, பொத்தானை அழுத்திக் காட்டினான். லிஃப்ட் அசையவில்லை. "முடிஞ்சுது அண்ணி. ஓட விட்டுடலாமாண்ணே?"

"சரி" என்றார்.

செக்யூரிட்டிக்காரர் கதவைச் சாத்தினார். நான் வாட்சைக் கழற்றி அவருடைய இடது கையில் மாட்டினேன். மாட்டி முடிப்பதற்குள் அவர் குனிந்து அதைப் பல்லால் கடித்தார்.

"இருப்பா, இன்னும் முடியல" என்றேன்.

"டெஸ்ட் பண்ணிட்டேனே அண்ணி. அண்ணனும் சரின்னுட்டார்."

"அவர் வாயப் பாக்காத. கையப் பாரு."

அவர் முன்னால் மண்டியிட்டேன். வாட்ச் வலது மணிக்கட்டுக்குப் போய்விட்டிருந்தது. "இன்னொரு வயர் இந்த மாடியிலயாங்க?" என்று விரலைக் கீழே காட்டினேன். "சரி." கை அசையவில்லை. "முதல் மாடியா?" "சரி." அசையவில்லை. "ரெண்டாவதா?" "சரி." "மூணாவதா?" என்று மூன்று விரலைக் காட்டினேன். இடது கை பாய்ந்து வந்து அந்த மூன்று விரலையும் பிடித்துக்கொண்டது. எலும்பு வலித்தது.

"மூணாவது மாடிக் கதவுப் பூட்டுக்குள்ளயே இன்னொண்ணு" என்றான் ஸ்பானர், தனக்குத்தானே.

அப்போதுதான் கதவுக்கு மேலிருந்த எண்ணைப் பார்த்தோம். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், லிஃப்ட் கிளம்பிவிட்டது. ஒன்று. இரண்டு. மேலே எங்கோ சாப்பாட்டு வண்டியின் சக்கரங்கள் கடகடத்தன. அந்த அம்மாளும் வண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டுதான் உள்ளே போவாள்.

ஸ்பானர் படிகளில் தாவி ஓடினான். எண் மூன்றில் நின்றது. நான் அவருடைய முகத்தையே பார்த்தேன். அவர் மேலே பார்த்தபடி "சரி, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டிய விடும்மா, வெளிய வா" என்று ஸ்பானர் கத்துவது படிக்கட்டு வழியாகக் கேட்டது. பிறகு தட்டுகள் சரிந்து, ஒவ்வொன்றாகக் குழிக்குள் விழும் சத்தம். விழுந்து முடிய வெகுநேரம் ஆனதுபோல இருந்தது.

"அண்ணி, அந்தம்மா பொழச்சுக்கிட்டாங்க" என்றது அவன் குரல். அழுகிற குரல். "அங்க யாரையும் கிட்ட விடாதீங்க."

நாற்காலியை லிஃப்ட் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினேன். இந்த முறை பிரேக்கை நானே போட்டேன்.