வாள்மேல் சத்தியம்

யோகராஜா வேலை பார்த்தது லண்டனில் கிளை வைத்திருந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கணினிப் பிரிவில். மேலாளர் ஹார்லன் சிகாகோக்காரர். ஜப்பான் பக்கமே போனதில்லை. ஆனால் அமெரிக்க நிர்வாகப் புத்தகங்களைப் படித்துப் படித்து அவருக்கு அந்நாட்டுப் பழைய போர்வீரர்களான சாமுராய்கள்மேல் பித்துத் தலைக்கேறியிருந்தது. “உண்மையான சாமுராய் தலைவனை விட்டு ஓடமாட்டான்” என்று நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

1991 வசந்தத்தில் கிளையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. ஹார்லன் எல்லோரையும் கூட்டி, தன் அறைச் சுவரில் மாட்டியிருந்த சாமுராய் வாளை இறக்கி மேசையில் வைத்தார். கடைசிவரை நிற்பேன் என்று ஒவ்வொருவரும் அதைத் தொட்டுச் சொல்ல வேண்டும். முறை வந்ததும் யோகராஜாவும் கையை நீட்டினான். தொட்டான்.

அவனுக்கோ வேறொரு நிறுவனம் வேலை தருவதாக இருந்தது. வெள்ளி மாலைக்குள் பதில் வேண்டுமாம்.

லண்டன் புறநகரான ஹரோவில், வீட்டில் இதைக் கேட்ட மனைவி சிவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இஞ்சருங்கோ, ஊரிலை இயக்கம் சண்டைக்கு ஆள் கேக்கேக்கை சத்தியம் பண்ண ஏலாது எண்டுதானே ஓடி வந்தனீங்கள்? இப்ப வெள்ளைக்காரன்ரை வாளிலை பண்ணிப்போட்டு வந்து நிக்கிறியள்! எனக்கு இது எட்டாம் மாசம்.”

“எல்லாரும் தொட்டவை. நான் மட்டும் என்னெண்டு மாட்டன் எண்டுறது?”



வெள்ளிக்கிழமை துணிந்து ஹார்லனின் அறைக்குப் போனான். “தலைவன் சாமுராயை விட்டுப் போனால்?” என்று கேட்டான்.

ஹார்லன் சிரித்தார். “அப்படி நடக்காது.”

அவர் பின்னால் புத்தக அலுமாரி வெறுமையாய்க் கிடந்தது. மேசைக்கடியில் நாடா ஒட்டிய பெட்டிகள்.

 வெளியே வந்த யோகராஜா, பக்கத்து மேசைத் தமிழ்ப் பெண் றோஸ்மலரிடம் குனிந்தான்.

“அக்கா, அவர் சாமான் கட்டிட்டார். வேறை வேலை தேடுங்கோ.”

“நீங்கள்?”

“நான் போறன்.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து புது நிறுவனத்துக்குப் போன் எடுத்தான். எங்கேஜ். மறுபடி எங்கேஜ், லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை மணி போனது. “வருகிறேன்” என்றான்.

அடுத்த வாரமே ஹார்லன் நியூயோர்க்கில் புதுப் பதவி ஏற்றார், கிளை மூடப்பட்டது. றோஸ்மலருக்கு வேலை கிடைக்கக் கோடை கழிந்துவிட்டது. யோகராஜாவுக்கு மகள் பிறந்தாள். புது இடத்து முதலாளி நல்லவர்தான். ஆனாலும் கூட்டம் என்று அழைத்தாலே அவன் கதவோரமாகவே உட்கார்ந்துகொள்வான்.