கிடைத்துவிட்டாள், பகிர வேண்டாம்

கரம்பையூரில், பலரும் பகிர்ந்த செய்தி நேரிலேயே வந்துவிடும். பெரும்பாலும் பேருந்தில் வரும். போன மழைக்காலத்தில் இரண்டு தலைக் கன்றுக்குட்டி பற்றிய செய்தி ஊர் முழுக்கச் சுற்றியது. மறுநாள் காலை அந்தக் கன்று பின்படிக்கட்டு வழியாக இறங்கி, எந்தத் தலையால் முதலில் தண்ணீர் குடிப்பது என்று தெரியாமல் குழாயடியில் நின்றது. பிளாஸ்டிக் முட்டைகள் தட்டுத்தட்டாக வந்தன. நிலவில் மணியோசை கேட்டதாகச் சொன்ன விஞ்ஞானி வந்து லாட்ஜில் அறை எடுத்தார். வருகிறவற்றுக்கு இடம் கொடுத்து ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது. பொய் என்று யாராவது சான்றோடு கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்லிவிட்டால், வந்தது எழுந்து பேருந்து நிலையத்துக்கு நடந்துபோய் அடுத்த வண்டியில் ஏறிவிடும். நடத்துநர்கள் அவற்றிடம் டிக்கெட் கேட்பதில்லை.

கண்டுபிடிக்கும் வேலை அந்த ஊர்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவுக்கு விடப்பட்டிருந்தது. அவர்களுக்கு ஊடகப் பாடமும், செல்பேசியில் கதைப்படம் எடுக்கும் பாடமும் நடத்த மாற்றலாகி வந்தவள் வசுமதி. எதிலும் அவசரப்படாதவள். தீபாவளி வாழ்த்தைக்கூட யாருக்கும் அனுப்பியதில்லை. கரும்பலகையின் மேல்மூலையில், 'யார் சொன்னது, எப்போது, எங்கே, வேறு யார் பார்த்தது' என்று எழுதி, அதை அழிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே இன்னும் பெரிய எழுத்தில், 'நல்ல செய்தியையும் கேள்' என்று இருந்தது.

கன்றுக்குட்டியை அனுப்பியது அவளுடைய மாணவர்கள்தான். படம் ஒட்டுவேலை என்று தஸ்லிமா கண்டுபிடித்து வாசித்தபோது, கன்று இரண்டு தலையையும் ஆட்டிக் கேட்டுவிட்டுக் கிளம்பியது. வகுப்பு கைதட்டியது. வசுமதிக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

அந்த வகுப்பில் நிரோஷா என்று ஒரு பெண் இருந்தாள். அவளும் செய்தியாக வந்தவள் என்று ஊருக்கே தெரியும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, 'இந்தச் சிறுமி கரம்பையூர் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்கிறாள், பெற்றோர் கிடைக்கும்வரை பகிரவும்' என்று ஒரு செய்தி படத்தோடு எல்லாருடைய செல்பேசியிலும் இருந்தது. அவளும் பேருந்து நிலையத்தில் இருந்தாள். சில நாள் கழித்துக் குணசீலன் என்பவரும் அவர் மனைவி கஸ்தூரியும் வந்து, எங்கள் பிள்ளை என்று சொல்லி அழைத்துக்கொண்டார்கள். பிறகு இங்கேயே வீடு பிடித்து, பேட்டரிக் கடை போட்டுவிட்டார்கள். நல்ல மனிதர்கள். எதைப் பேசினாலும் முடிவில் இரண்டு பேரும் கைகூப்புவார்கள். கடன் கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்லும்போதுகூட.

கதைப்படத்துக்குத் தலைப்பு தேர்ந்தெடுக்கும் நாளில் நிரோஷா எழுந்து நின்றாள்.

"மிஸ், என்னைச் சரிபாக்கலாமா?"

வகுப்பில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தினகர் மட்டும் பேனாவை மூடிவைத்தான்.

"பொய்னு வந்தா நீ போகணும், தெரியும்ல?" என்றாள் வசுமதி.

"தெரியும் மிஸ். எல்லாரும் என்னை வந்தவள்னுதான் சொல்றாங்க. எங்கேருந்து வந்தேன்னு தெரிஞ்சுட்டுப் போறேன்."

அன்று மாலை பள்ளி விட்டதும் குணசீலன் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வகுப்புக்குள் வந்து, மாணவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டீச்சர், உங்க பாடத்துல நான் தலையிடலை. எங்க வீட்டு விஷயத்தை மட்டும் விட்டுடுங்க."

"அவளே கேக்கறா சார்."

"சின்னப் புள்ள. கேக்கும். நாமதான் வேற ஏதாவது குடுத்துத் திருப்பிவிடணும்." சற்று நேரம் கரும்பலகையைப் பார்த்தார். "அந்தக் கீழ் வரி எதுக்கு டீச்சர்? நல்ல செய்தி யாருக்கு என்ன கெடுதல் பண்ணுது?"

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். மகளை இழக்கப்போகும் தகப்பன் என்றுதான் வசுமதி நினைத்தாள். ஆனாலும் ஒருத்தி தன்னைப் பற்றிக் கேட்ட கேள்வியை மறைத்துவைக்க எந்தப் பாடத்திலும் இடமில்லை.

வேலை ஒரு வாரம் நடந்தது. முடிவு வாசிக்கும் நாளுக்கு நிரோஷா துணிப்பையில் இரண்டு சுடிதாரும் சீப்பும் எடுத்து வந்திருந்தாள். வழியனுப்ப வசதியாக இருக்கும் என்று பெற்றோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கஸ்தூரி மகளின் பின்னலை ஒருமுறை சரிசெய்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

தஸ்லிமா வாசித்தாள்.

"படத்தை முதல்ல போட்டவர் பேருந்து நிலையத்துல செல்பேசிக் கடை வச்சிருந்தவர். அவர்கிட்ட மூலப்படம் இருக்கு. பின்னாடி தண்ணித்தொட்டியில நம்ம ஊர்ப் பேர் தெரியுது. முதல் பகிர்வுக்கு முந்தின நாளே படம் எடுத்தாச்சு. செய்தி வர்றதுக்கு முன்னாடியே நிரோஷா அங்க நின்னிருக்கா. செய்தி உண்மை."

வசுமதிக்கு மூச்சு இறங்கியது. நிரோஷா துணிப்பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள். கைதட்டல் எழும்பும் நேரத்தில் தினகர் சொன்னான்:

"மிஸ், இரண்டாவது செய்தி பாக்கி இருக்கு."

"எந்த இரண்டாவது?"

"'சிறுமி பெற்றோரிடம் சேர்ந்துவிட்டாள், இனி பகிர வேண்டாம், நன்றி'னு ஒண்ணு சுத்துச்சு. கடைசியில கைகூப்பற படம் இருக்கும். அதை யாரும் சரிபாக்கலை. நல்ல செய்திங்கறதால விட்டுட்டாங்க."

நிறுத்து என்று சொல்ல வசுமதி வாயெடுத்தாள். வரவில்லை. கரும்பலகையில் அவள் கையெழுத்திலேயே அந்தக் கீழ் வரி இருந்தது. தினகர் அதற்குள் எண்ணைத் தேடிப்பிடித்து, செல்பேசியை மேசையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டான். வேறு ஏதோ நகரத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு மனிதரின் குரல் நிதானமாகப் பேசியது.

"ஆமாங்க, நான்தான் போட்டேன். அந்தப் பொண்ணு யாருன்னே எனக்குத் தெரியாது. எல்லா குரூப்புலயும் அதே படம், ராவெல்லாம் டிங்குடிங்குனு சத்தம். கிடைச்சுட்டான்னு போட்டா நின்னுரும்ல? எல்லாரும் நிம்மதியா இருக்கட்டும்னுதான் போட்டேன்."

"கிடைக்கலையா அப்ப?" என்றான் தினகர்.

"அது எனக்கெப்படிப்பா தெரியும்?"

கடைசி பெஞ்ச் கிரீச்சிட்டது. குணசீலனும் கஸ்தூரியும் எழுந்து நின்றிருந்தார்கள்.

வசுமதியின் கையிலிருந்த சாக்பீஸ் விழவில்லை. விழுந்திருந்தால் குனிந்து எடுக்கவாவது ஒரு வேலை இருந்திருக்கும். கை, எழுதுவதற்குத் தூக்கிய உயரத்திலேயே நின்றுவிட்டது. குணசீலன் அவளைக் கடக்கும்போது, "அதைத்தான் சொன்னேன் டீச்சர்" என்றார். குரலில் கோபமே இல்லை.

கஸ்தூரி நிரோஷாவின் பெஞ்சருகே நின்றாள். "மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு. கேஸ் ரெண்டு நாளைக்கு வரும். தலைக்குக் குளிச்சா நல்லா துவட்டு."

"சரிம்மா," என்றாள் நிரோஷா.

இருவரும் கைகூப்பினார்கள். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தார்கள். யாரும் அழவில்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு மாணவன் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டவைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

நிரோஷாவை வசுமதி தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். அவளை முதலில் பேருந்து நிலையத்தில் விட்டுப்போனவர்கள் யார் என்று ஒரு செய்தியும் இல்லை. பெண் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், தூங்கினாள். வசுமதியால் எதையும் மெல்ல முடியவில்லை. சோறு வாயிலேயே இருந்தது. உண்மையைக் கண்டுபிடித்தால் அங்கே நிற்க ஒரு தரை இருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

காலையில் நிரோஷா சீருடையோடு நின்றாள். "மிஸ், இன்னிக்குக் கதைப்படம் எடுக்கணும்ல?"

வகுப்பு அப்படியே கூடியது. நிரோஷா தான் எழுதிவந்ததை வாசித்தாள். "என் அப்பா அம்மாவைக் காணவில்லை."

"அப்பா அம்மான்னு போட முடியாதே," என்றான் தினகர். அவன் மனசில் கெடுதல் இல்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி.

"ஆமா," என்றாள் நிரோஷா. "அடிச்சுடறேன்."

அவள் அடித்தாள். வசுமதி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நேற்று எழும்பாத குரல் இப்போது வந்தது.

"நிரூபிக்க முடிஞ்சதை மட்டும் சொல்லு. என்னென்ன இருக்கு உன்கிட்ட?"

பெண் சற்று யோசித்துவிட்டு, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போனாள். தஸ்லிமா செல்பேசியைப் பிடித்தாள். நிரோஷா நேராகப் பார்த்துப் பேசினாள்.

"இவர் பேர் குணசீலன். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தவர். சைக்கிள் இது. அன்னிக்கு விழுந்த தழும்பு இது. இவங்க பேர் கஸ்தூரி. எனக்குத் தலை பின்னிவிட்டவங்க. கடைசியாப் பின்னினது இது, இன்னும் அவிழ்க்கலை. ரெண்டு பேரும் நேத்துப் பேருந்துல ஏறிப் போயிட்டாங்க. அவங்க இப்ப வீட்டுல இல்லை. நான் தேடறேன்."

தினகர் ஒவ்வொரு வாக்கியமாகச் சரிபார்த்தான். சைக்கிள் இருந்தது. தழும்பு இருந்தது. பின்னலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், தொட்டுப் பார்த்தான். பேருந்து நிலையத்துக்குப் போய், அவர்கள் ஏறியதைப் பார்த்த பூக்காரியிடம் கேட்டுவந்தான். "நான் தேடறேன்" என்ற வரியில் நின்றான். நிரோஷாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதுவும் சரிதான் மிஸ்," என்றான்.

படத்தைப் பிள்ளைகள் ஊர்க் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சரிபார்த்த செய்திக்கு அந்த ஊரில் கால் கிடையாது. ஒரு ஆள் பார்ப்பார், சரி என்பார், அடுத்ததைத் தள்ளுவார். எலுமிச்சம்பழம் சாப்பிட்டால் பார்வை திரும்பும் என்ற செய்தி மாலைப் பேருந்தில் மூட்டைமூட்டையாக இறங்கியது. குணசீலன் வரவில்லை.

மறுநாள் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய்க் கேட்டார்கள். பார்த்தாச்சே என்றார்கள் ஊர்க்காரர்கள். பார்த்தால் போதாது, அனுப்புங்கள் என்று தஸ்லிமா ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிக்கொடுத்தாள். பெட்டிக்கடைக்காரர் அனுப்பினார். சலூனில் மூன்று பேர் பாதி சவரத்தோடு அனுப்பினார்கள். தலைமையாசிரியர் தன் கல்லூரித் தோழர்கள் குழுவுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் வசுமதி பேருந்து நிலையத்துச் சிமெண்டுப் பெஞ்சில் நிரோஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்பேசியை எடுத்தாள். அம்மா, அண்ணி, பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், வீட்டுக்கு வந்த பிளம்பர் என்று எல்லாப் பெயர்களையும் தொட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றைப் பகிர்ந்தாள்.

பிறகு வந்த வண்டியில் நடுப்படிக்கட்டு வழியாகக் கஸ்தூரி இறங்கினாள். பின்னால் குணசீலன். நிரோஷா எழுந்து நின்றாள். ஓடவில்லை. கஸ்தூரி கிட்டே வந்து, பின்னலைத் திருப்பிப் பார்த்து, "இன்னுமா அவிழ்க்கலை, சிக்கு விழுந்துரும்டி" என்றாள். இருவரும் கைகூப்ப மறந்திருந்தார்கள்.

கதைப்படத்தின் முடிவில் காட்டுவதற்காக நிரோஷா வீட்டிலிருந்த ஒரு பழைய புகைப்படத்தில் தன்னை வெட்டிவிட்டு, அவர்கள் இருவரை மட்டும் வைத்திருந்தாள். சரியாக வெட்டவில்லை. குணசீலனின் சட்டைத் தோளில் குழந்தை நிரோஷாவின் நான்கு விரல்கள் வெட்டுப்படாமல் தங்கிவிட்டன. அவர் பேருந்திலிருந்து இறங்கும்போதும் அவை அவர் தோளில்தான் இருந்தன.

இப்போது கஸ்தூரி அந்தச் சட்டையைத் தனியாக ஊறவைத்துத் துவைக்கிறாள். உலர்த்தும்போது கிளிப் போடுவதில்லை. கொடிக்கு அருகில் கொண்டுபோனால் போதும், விரல்களே பிடித்துக்கொள்கின்றன.